மதுரைக் கதை எழுதப்பட்ட ஊர்

இருபது வருஷங்களாக வகுப்பில் நாம் நடத்திவரும் சரித்திரப் பாடங்களுள் ஒன்று, பதினான்காம் நூற்றாண்டில் சுமார் நாற்பது ஆண்டுகள் மதுரையை ஆண்ட சுல்தான்களைப் பற்றியது. அவ்வரசை நேரில் கண்டு விவரித்தவர் இபின் பதூதா என்னும் யாத்திரிகர் என்று கரும்பலகையில் எழுதுவோம், மாணவர்களும் எழுதிக்கொள்வார்கள். சென்ற வருஷம் ஒரு பையன் எழுந்து, "ஐயா, அவர் எந்த ஊரில் உட்கார்ந்து எழுதினார்?" என்று கேட்டான். "மொராக்கோ தேசத்தில், ஃபெஸ் நகரத்தில்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினோம். ஆனால் அந்தக் கேள்வி நம்மை விட்டபாடில்லை. கோடை விடுமுறையில், கையிலிருந்த சேமிப்பையெல்லாம் திரட்டிக்கொண்டு நாம் ஃபெஸ் நகரம் போய்ச் சேர்ந்ததற்கு அவனே பொறுப்பாளி.

குஞ்சம் வைத்த சிவப்புக் குல்லாய்க்குப் பெயர் கொடுத்த ஊர் இதுதான். பழைய நகரத்துக்குள் புகும் வாயில் ஒன்று வெளிப்புறம் நீல ஓடுகளும் உட்புறம் பச்சை ஓடுகளும் பதித்தது. 'எத்தனை நூற்றாண்டுகளைக் கண்டதோ!' என்று அண்ணாந்து நின்றோம். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் 1913-இல் கட்டியது என்று பிறகு தெரிந்தது. சரித்திர ஆசிரியருக்கு இது வேண்டியதுதான்!

வாயிலைக் கடந்தால் மோட்டார் வண்டி கிடையாது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்துகள். தோல் மூட்டைகளையும் சிமெண்டுப் பைகளையும் சுமந்து கழுதைகள் வருகின்றன, ஓட்டுபவன் "பாலாக்! பாலாக்!" என்று கூவுகிறான். விலகு என்று பொருள். அரபு மொழியில் நாம் முதலில் கற்ற சொல் அதுவே. கைப்பேசியின் வரைபடம் மூன்றாவது திருப்பத்திலேயே கைவிட்டுவிட்டது.

ஒன்பதாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் கார்டோவாவிலிருந்து வந்த அகதிகள் ஆற்றின் ஒரு கரையிலும், துனீசியாவின் கைரவானிலிருந்து வந்தவர்கள் மறு கரையிலும் குடியேறி வளர்த்த நகரம் இது. கைரவான்காரர்களின் பெயரால் விளங்குவதே கராவியீன் மசூதி. 859-இல் பாத்திமா அல்-ஃபிஹ்ரி என்ற பெண்மணி தமக்குக் கிடைத்த பிதிரார்ஜிதத்தைக் கொண்டு அதை நிறுவினார் என்று மரபு கூறுகிறது. பின்னாளில் அது ஸர்வகலாசாலையாக விளங்கியது. ஒரு பெண் வைத்த விதை! உள்ளே ஒரு முறை நின்றுவிட வேண்டும் என்று ஊரிலிருந்து புறப்படும்போதே எண்ணியிருந்தோம்.

வாசலில் ஓர் இளைஞர் மரியாதையாகத் தடுத்து, முஸ்லிம்கள் மட்டுமே உள்ளே செல்லலாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். கதவு திறந்தே இருந்தது. வெண்ணிறத் தூண்களையும் முற்றத்து நீர்த்தொட்டியையும் வெளியே நின்று பார்த்தோம். ஐயாயிரம் மைல் வந்து ஆறடி தூரத்தில் நிற்கிறோமே என்று மனம் கசந்தது உண்மை. ஆயினும் மதுரை மீனாக்ஷியம்மன் கோயிலிலும், சந்நிதிக்குள் ஹிந்துக்களுக்கு மட்டுமே அனுமதி. அந்த இடத்தை எத்தனையோ முறை கடந்திருக்கிறோம். அங்கே நின்றுவிடுகிறவர்கள் முகத்தை ஒரு நாளாவது திரும்பிப் பார்த்ததில்லை.

அபூ இனான் என்ற சுல்தான் 1350-களில் கட்டிய மதரஸாவில் அத்தடை இல்லை. பளிங்கு முற்றம், இடுப்பளவு வண்ண ஓடுகள், அதற்கு மேல் சுண்ணச் சாந்துச் சித்திர வேலை, அதற்கும் மேல் தேவதாரு மரத்தில் செதுக்கிய வேலைப்பாடு. இந்தச் சுல்தானின் கட்டளையால்தான் இபின் பதூதா தம் யாத்திரையைச் சொல்ல, கிரனாடாவைச் சேர்ந்த இபின் ஜுஸயி எழுதினார். 1355-இல் நூல் முடிந்தது. 1325-இல் இருபத்தொரு வயதில் வீட்டை விட்டுப் புறப்பட்டவர் ஐம்பதை எட்டிவிட்டார். மதுரை சுல்தான் கியாஸுத்தீன் அவருக்குச் சகலை முறை. அந்தச் சகலை, பிடிபட்டவர்களைக் கழுவேற்றியதையும் பெண்டு பிள்ளைகளைக் கொன்றதையும், பிறகு மதுரையில் கொள்ளைநோய் பரவி ஜனங்கள் மடிந்ததையும் அவர் மறைக்காமல் சொன்னார். உறவினன் என்று பூசி மெழுகவில்லை.

அரண்மனையிலோ அவர் சொன்னவற்றைப் பலர் நம்பவில்லை. தில்லி பாதுஷா நாணயங்களை இயந்திரங்களால் ஜனங்கள்மீது இறைப்பார் என்றால் யார் நம்புவது? அப்போது ஃபெஸ் நகரில் இருந்த இளைஞர் இபின் கல்தூனும் ஐயுற்று ஒரு மந்திரியிடம் சொன்னார். மந்திரி ஒரு கதை சொன்னாராம். சிறையிலேயே வளர்ந்த சிறுவன் ஒருவன், தான் உண்ணும் மாமிசம் எதனுடையது என்று தகப்பனைக் கேட்டான். ஆடு என்று சொல்லித் தகப்பன் அதன் உருவத்தை வர்ணித்தான். "எலியைப் போலவா?" என்றான் பையன். சிறையில் அவன் கண்ட பிராணி எலி ஒன்றுதான். இக்கதையை இபின் கல்தூனே பிற்காலத்தில் எழுதிவைத்தார்.

மொராக்கோவைப் பிரெஞ்சுப் பாதுகாப்பில் ஒப்படைத்த உடன்படிக்கை 1912 மார்ச் 30-இல் இந்த ஃபெஸ் நகரில்தான் கையெழுத்தாயிற்று. உடனே தலைநகரம் ராபாத்துக்குப் போயிற்று. ஃபெஸ்ஸுக்கு அருகே புது நகரம் ஒன்று எழுந்தது. பழைய நகரம் கெடாமல் இருப்பது பிரெஞ்சுக்காரர் தயவு என்பார் உண்டு. அதிகாரமும் பதவியும் வெளியே போயின, கழுதைகள் உள்ளே தங்கின என்றும் சொல்லலாம். கராவியீனில் பயின்ற அல்லால் அல்-ஃபாஸி பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்ததற்காக 1937 முதல் 1946 வரை காபோனுக்கு நாடுகடத்தப்பட்டிருந்தார். 1956-இல் தேசம் விடுதலை பெற்றது.

யாத்திரை நூலின் பழைய பிரதிகள் சில, அல்ஜீரியாவைப் பிரான்ஸ் கைப்பற்றிய பின் பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போய்விட்டன. அவற்றுள் 1356-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒன்று இபின் ஜுஸயியின் சொந்தக் கையெழுத்தே என்று கருதப்படுகிறது. நூலின் பிற்பாதி மட்டும் அதில் உண்டு. இந்தியா வருவது பிற்பாதியில்தான்.

பள்ளி திறந்ததும் பையன் ஓடிவந்தான். "அந்தப் புத்தகத்தை அங்கே பார்த்தீர்களா, ஐயா?"

"இல்லை, அப்பா. அது பாரிஸில் இருக்கிறது."

"ஏன்?" என்றான். மணி அடித்துவிட்டது, நாளைக்குச் சொல்லியாகவேண்டும்.