ஒரு படிகத்துக்குள் நூறு கோடி எக்சிடான்: வரவும் செலவும்

நூறு கோடி எக்சிடான்களின் ஆற்றலைக் கூட்டினால் ஒரு ஜூலில் ஏறத்தாழ 310 கோடியில் ஒரு பங்குதான் தேறும். ஒன்றுக்கு 2.02 எலக்ட்ரான்வோல்ட், கணக்கு அவ்வளவே. படைப்பதற்கு ஆகும் செலவு அற்பம். கட்டிக் காப்பதற்குத்தான் ஆய்வுக்கூடங்கள் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் உழைத்திருக்கின்றன.

இடம், குப்ரஸ் ஆக்சைடு படிகம். செம்பின் மேல் படியும் அதே சிவப்பு ஆக்சைடுதான். ஒளி பட்டு எலக்ட்ரான் ஒன்று மேலேறினால் அது விட்டுச் சென்ற இடம் நேர்மின் துளை ஆகிறது. இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு திரிவதே எக்சிடான். இங்குள்ள பாரா வகை எக்சிடானின் நிறை 2.6 எலக்ட்ரான் அளவு. ரூபிடியம்-87 அணுவோ ஏறத்தாழ 1,58,000 எலக்ட்ரான் நிறை கொண்டது. 1995-இல் அமெரிக்காவின் போல்டரில் ரூபிடியம் போஸ்-ஐன்ஸ்டீன் செறிவாக, அதாவது துகள்கள் ஒரே குவாண்டம் நிலையில் திரளும் கூட்டமாக, மாற 170 நானோகெல்வின் வரை குளிர வேண்டியிருந்தது. அதே அடர்த்தியில் எக்சிடானுக்கு அதைப்போல் 61,000 மடங்கு வெப்பநிலை போதும். லாபமான வியாபாரம் என்றே தோன்றும்.

நட்டம் மோதலில் இருக்கிறது. இரண்டு எக்சிடான்கள் மோதினால் ஒன்று அழிந்து, தன் 2 எலக்ட்ரான்வோல்ட்டை மற்றதன் மேல் கொட்டிவிடும். அது கடைசியில் படிகத்துக்குள் வெப்பமாகிறது. 0.4 கெல்வினில் வெப்ப ஆற்றலின் அளவுகோல் வெறும் 0.034 மில்லி எலக்ட்ரான்வோல்ட். ஒரே ஒரு சாவு, அந்த அளவுகோலில் 58,000 பங்கு சூட்டைக் கொண்டுவருகிறது! மோதல் நட்டமோ அடர்த்தியின் வர்க்கமாக ஏறும். 2 கெல்வினில் செறிவு உண்டாக ஒரு கனசென்டிமீட்டருக்கு 75,000 லட்சம் கோடி எக்சிடான் வேண்டும். 0.4 கெல்வினில் அதில் பதினொன்றில் ஒரு பங்கு போதும். மோதல் நட்டம் 125-இல் ஒன்றாகிவிடும். என் கணிப்பில் இந்தப் பேரேட்டிலேயே மிகச் சிறந்த முதலீடு குளிர்தான்.

பொறி வைப்பது எளிய வேலை. வளைந்த முனையுள்ள தண்டைப் படிகத்தின் மேல் அழுத்துகிறார்கள். அழுத்தத்தின் உச்சத் திரிபு பரப்பில் விழாது, சற்று உள்ளே விழும். பால் பேரிங் பார்த்தவர்களுக்குப் பழக்கமான சங்கதி. அந்த இடத்தில் எக்சிடானின் ஆற்றல் சில மில்லி எலக்ட்ரான்வோல்ட் தாழ்கிறது. பள்ளத்தில் நீர் தேங்குவதுபோல் அவை அங்கே சேரும். 1980-களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இப்படித்தான் பிடித்தார்கள்.

பிடித்ததைப் பார்ப்பது எப்படி? பாரா எக்சிடான் நேரடியாக ஒளி உமிழாது. காந்தப்புலம் அதை 12 மில்லி எலக்ட்ரான்வோல்ட் மேலிருக்கும் ஆர்த்தோ வகையோடு சிறிது கலக்கும். 613 நானோமீட்டர் அருகே மங்கிய ஒளி கசியும். புலம் பத்து மடங்கானால் ஒளி நூறு மடங்கு. ஆக, இந்தப் படிகத்தில் திரிபு சிறை, காந்தம் விளக்கு.

டோக்கியோ பல்கலைக்கழகக் குழு 2011-இல் 0.8 கெல்வின் வரை இறங்கிச் செறிவின் அறிகுறியைக் கண்டது. 2022-இல் 0.4 கெல்வினுக்கும் கீழே போய், அகச்சிவப்புக் கதிரை எக்சிடான்கள் உறிஞ்சும் விதத்தை வைத்து அந்தச் செறிவையே படமெடுத்தது.