காந்தீயமும் நாடற்றோரும்

காவிரிப்பூம்பட்டினத்துச் சிறைக்கோட்டத்தில் பசியால் வாடினோர்க்கு அமுதசுரபியால் உணவளித்த மணிமேகலை, அரசன் வேண்டியது யாதென வினவியபோது தனக்கென எதனையும் கேட்டிலள். அச்சிறையினையே அறக்கோட்டமாக்கித் தருமாறு வேண்டினாள். சிறைப்பட்டார்க்கும் புகலற்றார்க்கும் உரிமை வேண்டுதல் மேனாட்டார் நமக்குக் கற்பித்த புதுப்பாடம் என்போர் இக்காதையை மறந்தவராவர். ஆயினும், காப்பியத்திற் கற்றதை வாழ்விற் செய்து பார்த்தோர் மிகச் சிலரே. ஈழநாட்டில் அங்ஙனம் செய்து பார்த்த இயக்கம் காந்தீயம்.

அவ்வியக்கத்தின் தேவையை உணர்வதற்கு 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தை அறிதல் வேண்டும். இலங்கையிற் பிறந்த ஒருவர் தம் தந்தையும் இங்கேயே பிறந்தவரென நிறுவினாலன்றிப் பிரசையாகார். அல்லாக்கால் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தமையை நிறுவுதல் வேண்டும். தேயிலைத் தோட்டத்து லயன் அறையில் வாழ்ந்த தொழிலாளி தந்தையின் பிறப்புப் பத்திரத்திற்கு எங்கே போவான்? இவ்வாறு ஏறக்குறைய ஏழு இலட்சம் மக்கள் பிறந்த மண்ணிலேயே வந்தேறிகளாயினர். இக்கேள்வியை ஒட்டியே செல்வநாயகம் முதலியோர் தமிழ்க் காங்கிரசினின்றும் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தனர். 1964இல் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அனுப்பப்படுவோரின் விருப்பத்தை எவரும் வினவவில்லை.

1977 ஆகஸ்டுக் கலவரத்தின்பின் மலையகக் குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளுக்கு ஓடிவந்தன. வந்தவர்களை யாழ்ப்பாணத்தார் எல்லோரும் உறவினராக வரவேற்றனர் என்று எழுதுவது உண்மையாகாது. வன்னியிற் காணி வைத்திருந்த பலருக்கு அவர்கள் மலிவான கூலிகளாகவே தோன்றினர். அவர்களைச் சுட்ட வழங்கிய இழிசொற்கள் நம் வீடுகளில் ஒலித்தவையே.

இந்நிலையிலேதான் கரம்பொனைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் டேவிட் அவர்களும், வவுனியாவில் வைத்தியத் தொழில் புரிந்த டாக்டர் இராசசுந்தரம் அவர்களும் தாம் நிறுவிய காந்தீயத்தின் வாயிலாக அம்மக்களைக் குடியமர்த்த முன்வந்தனர். சோற்றுப்பொதி வழங்கித் திரும்புவது அவர்களின் முறையன்று. காடு வெட்டிக் காணி பிரித்தனர், கிணறு தோண்டினர், குடிசைக்குக் கிடுகும் விதைப்புக்கு விதையும் கொடுத்தனர். கிராமத்து இளம்பெண்களைப் பயிற்றிப் பாலர் பாடசாலைகளை அவர்களிடமே ஒப்படைத்தனர். வன்னியில் நீரில்லாத காணி காணியன்று. ஆதலின் கிணறே அங்கு முதலுரிமை எனலாம். தன் கிணற்றருகே தானே பயிரிடும் குடும்பத்தை எந்த முதலாளியும் அரைக்கூலிக்கு அழைக்க முடியாது. உரிமை என்னும் சொல்லை மேடையில் முழங்காது மண்வெட்டியால் எழுதியமையே இவ்வியக்கத்தின் சிறப்பு.

அரசு இதனை வேறு கண்கொண்டு நோக்கியது. ஆயுதம் தாங்கிய இளைஞர்க்குக் காந்தீயம் உதவுகின்றதென்பது அதன் குற்றச்சாட்டு. ஊழியருட் சிலர்க்கு அத்தகைய தொடர்பு இருந்தமையும் மறுத்தற்கில்லை. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டமோ விசாரணையின்றிப் பதினெட்டு மாதம்வரை ஒருவரைத் தடுத்துவைக்க இடமளித்தது. பொலிஸ் உயரதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தையும் சாட்சியமாக ஏற்றது. 1983 ஏப்ரிலில் இருவரும் கைதாயினர். அவ்வாண்டு யூலை 25ஆம், 27ஆம் நாள்களில் வெலிக்கடைச் சிறையில் ஐம்பதுக்கு மேற்பட்ட தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். எந்நீதிமன்றமும் குற்றவாளியெனத் தீர்க்காத இராசசுந்தரம் இரண்டாம் நாள் மாண்டார். டேவிட் தப்பினார். அக்கொலைகளுக்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்பட்டதில்லை.

குடியேறியோரின் கதை இதனினும் விசித்திரமானது. முல்லைத்தீவு மாவட்டத்துக் கென்ற், டொலர் பண்ணைகளிற் காந்தீயம் அமர்த்திய மலையகக் குடும்பங்கள் 1984இல் வெளியேற்றப்பட்டன. அவ்விடம் திறந்தவெளிச் சிறையாயிற்று. சிங்களக் கைதிகள் குடும்பத்தோடு கொண்டுவரப்பட்டனர். மணிமேகலை கேட்ட வரம் இங்குத் தலைகீழாயிற்று. அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாள் விடுதலைப் புலிகள் அப்பண்ணைகளைத் தாக்கி அறுபதுக்கு மேற்பட்டோரைக் கொன்றனர். மாண்டவருள் கைதிகளும், அவர்தம் பெண்டிரும் பிள்ளைகளும் இருந்தனர். தாம் வாழவேண்டிய இடத்தைத் தாமே தெரிவு செய்யாத கைதிகள் அவர்கள். வெலிக்கடைக்காக வருந்தும் நாவு இக்கொலையைப் பற்றிப் பேசத் தயங்குமாயின், கைதிகளின் உரிமை என்று அது கூறுவது தன் இனத்துக் கைதிகளின் உரிமையை மட்டுமே.

வழக்காடு மன்றத்திற்கு வெளியே மக்கள் எழுப்பிய குரல் காந்தீயத்தோடு அடங்கவில்லை. கைதான இளைஞர்களை விடுவிக்கக் கோரி 1984இல் யாழ்ப்பாணத்து அன்னையர் முன்னணியினர் அரசாங்க அதிபரிடம் ஊர்வலமாகச் சென்றனர். நாடற்றோரின் பிரசாவுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டின் சட்டத்தாற் பெரும்பாலும் தீர்ந்தது. நீண்டகாலக் கைதிகளின் சிக்கல் அங்ஙனம் தீரவில்லை. டேவிட் தமிழ்நாட்டில் ஏறத்தாழ மூன்று பதிற்றாண்டுகள் அகதியாக வாழ்ந்து 2015இல் தாயகம் மீண்டு, அவ்வாண்டு ஒக்ரோபரில் கிளிநொச்சியிற் காலமானார். மூன்றாண்டுகள் கழித்து, 2018 ஒக்ரோபரில், உண்ணாவிரதமிருந்த தமிழ்க் கைதிகளுக்காக யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் அநுராதபுரச் சிறைவரை நடந்தே சென்றனர்.