ஜூன் மாசத்துல வேலையை விடாதீங்க!

ஸ்கூல் திறந்தாச்சு. அம்பத்தூர், ஆவடிப் பக்கம் வேலைக்குப் போற அம்மாக்களுக்கு முதல் வாரம் முழுக்க அலாரத்தோடயும் வேன் ஹாரனோடயும்தான் சண்டை. அது பத்து நாள்ல பழகிடும். பழகாதது சாயங்காலம்தான். எல்.கே.ஜி. சின்னது மதியமே வந்துடும், ரெண்டாவது படிக்கிறது மூன்றரைக்கு வரும், எஸ்டேட்ல உங்க ஷிப்ட் முடியுறது ஆறுக்கு. இந்த இடைவெளிக்கு டே-கேர். ஃபீஸ் கட்டுறப்போ இதை யாரும் கணக்குல சேர்க்குறதில்ல.

மாசம் 4,000 ரூபாய்னு வெச்சுக்கோங்க, வருஷத்துக்கு 48,000. 'இதுக்கு வேலையையே விட்டுடலாமே'ன்னு தோணும். அவசரப்படாதீங்க. சம்பளம் மட்டும் இல்ல, கம்பெனி போடுற பி.எஃப். பங்கும் சேர்ந்து நிக்கும். சின்னது ஒண்ணாவது போனா மதியச் செலவு குறையும்.

பழைய வரி முறைல இருந்தா, ரெண்டு பிள்ளைங்களோட டியூஷன் ஃபீஸை 80சி-ல காட்டலாம், பி.எஃப். எல்லாம் சேர்த்து 1.5 லட்சம் வரை. வேனும் டே-கேரும் அதுல வராது. ரசீதுல டியூஷன் ஃபீஸைத் தனியா எழுதி வாங்குங்க.

அரசுத் தொடக்கப் பள்ளின்னா 2023 ஆகஸ்ட்ல இருந்து 1 முதல் 5 வரை காலை டிபன் அங்கேயே. உங்களுக்குக் காலையில அரை மணி நேரம் மிச்சம்!

அப்புறம், வேன்காரர்கிட்ட இப்பவே கேட்டுடுங்க: மே மாசத்துக்கும் பணம் கட்டணுமா?