இரவில் ஒரு கூரை

மார்கழியும் தையும் தில்லியில் கடுங்குளிர் மாதங்கள். காலையில் பள்ளிக்குப் புறப்படும்போது கம்பளிச் சட்டையின்மேல் மற்றொன்றையும் அணிகிறோம். அதே குளிரில் முந்தைய இரவு முழுவதும் காஷ்மீரி கேட், பழைய தில்லி ரயில் நிலையம், எய்ம்ஸ் மருத்துவமனை ஆகியவற்றின் அருகே நடைபாதையில் உறங்கியோர் பலர். அவர்கள் எல்லாரும் இரந்து வாழ்பவர் அல்லர். ரிக்‌ஷா மிதிப்போர், மூட்டை சுமப்போர், திருமண விருந்துகளில் பாத்திரம் கழுவுவோர், நோயாளியுடன் வெளியூரிலிருந்து வந்தோர் எனப் பலரும் அவர்களுள் உளர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தில்லியில் வீடற்றோர் 46,724 பேர் என்றது. போர்வைக்குள் முகம் மறைத்து உறங்குவோரை எண்ணுவது எளிதன்று. உண்மைத் தொகை இதனினும் மிகுதி என்பர் அவர்களிடையே பணிபுரிவோர்.

இவர்களுக்கு உதவுவது யார் கடமை?

ஈகை நமக்குப் புதியதன்று. வடலூரில் வள்ளலார் 1867இல் தொடங்கிய தருமசாலையில் இன்றும் பசித்தோர்க்கு உணவு அளிக்கப்படுகிறது. தில்லியில் பங்களா சாகிப் குருத்வாராவுக்குச் சென்றவர் அங்குள்ள லங்கரை அறிவர். யார் எவர் என்று வினவாமல் சோறிடும் பந்தி அது. இவை பெரும் பணிகள். எனினும், ஈகை கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. இன்று போர்வை தந்தவர் நாளை வராவிடில், "ஏன் வரவில்லை?" என்று அவரைக் கேட்க இயலாது. அரசை அவ்வாறு கேட்க இயலும். 2010ஆம் ஆண்டில் அக்கேள்வி நீதிமன்றத்திலேயே எழுந்தது.

2009 டிசம்பரில் பூசா சாலையில் இருந்த தற்காலிக இரவுக் காப்பகம் ஒன்றை மாநகராட்சி அகற்றியது. கடுங்குளிரில் மக்கள் தெருவுக்கு வந்தனர். நாளிதழ்கள் இதனை எழுதின. தில்லி உயர்நீதிமன்றம், வழக்குத் தொடுப்பார் எவருக்கும் காத்திராது, தானே இதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. உச்சநீதிமன்றமும் 2010 ஜனவரியில் தலையிட்டது. அரசியல் சட்டம் தரும் உயிர்வாழும் உரிமையில் தங்குமிடமும் அடங்கும் என்பதே வழக்கின் அடிப்படை. பெருநகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும், அது குளிர்காலத்தில் மட்டுமன்றி ஆண்டு முழுவதும் திறந்திருத்தல் வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. உதவவேண்டிய அமைப்பே கூரையைப் பிரித்ததால் பிறந்த ஆணை இது என்பதை மறத்தலாகாது.

பேரிடர்க் காலத்தில் பொறுப்பு இன்னும் தெளிவாக வகுக்கப்பட்டுள்ளது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை நாகப்பட்டினத்தையும் கடலூரையும் சூறையாடிய மறு ஆண்டே பேரிடர் மேலாண்மைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி நாட்டளவில் பிரதமரும், மாநிலத்தில் முதலமைச்சரும், மாவட்டத்தில் ஆட்சியரும் தலைமைப் பொறுப்பினர். 2023 ஜூலையில் யமுனை 208.66 மீட்டர் வரை உயர்ந்து, 1978ஆம் ஆண்டின் அளவையும் கடந்தபோது, கரையோர மக்கள் முகாம்களுக்கும் கூடாரங்களுக்கும் அழைத்துச் செல்லப்பட்டனர். வெள்ளத்துக்கு ஒரு நாள் உண்டு. அது வடிந்த பின் கணக்கும் இழப்பீடும் உண்டு. குளிரலையும் அரசின் பேரிடர்ப் பட்டியலில் உள்ளதே. ஆயினும், வெள்ளத்தில் வீடிழந்தவர் "இங்கே என் வீடு இருந்தது" என்று ஓர் இடத்தைக் காட்டுவார். நடைபாதையில் உறங்குபவர் எதனைக் காட்டுவார்?

2010இல் தில்லியில் நகர்ப்புற உறைவிட மேம்பாட்டு வாரியம் அமைந்தது. 'ரைன் பசேரா' என்று இந்தியில் எழுதிய பலகையை நீங்கள் வழியில் கண்டிருக்கலாம். அவை இவ்வாரியத்தின் காப்பகங்களே. படுக்கையும் போர்வையும் கட்டணமின்றிக் கிடைக்கும். கூரை இருந்தும் சிலர் வெளியிலேயே உறங்குவதைக் கண்டு, 'இவர்களே விரும்பி இவ்வாறு கிடக்கின்றனர்' என எண்ணுவோர் உண்டு. அவ்வெண்ணம் தவறு. குளிர்கால இரவுகளில் வாரியத்தின் வண்டிகள் தெருக்களில் சென்று உறங்குவோரை எழுப்பிக் காப்பகத்துக்கு அழைக்கின்றன. அப்போது வர மறுக்கும் ரிக்‌ஷாக்காரரின் கவலை ஒன்றே: அந்த ரிக்‌ஷா வாடகைக்கு எடுத்தது. அது களவு போனால் நாளைய உணவும் போயிற்று. அதை இரவில் எங்கே நிறுத்துவது?