கெட்டியா, குழம்பா?

ஞாயிற்றுக்கிழமை காலை. காப்பி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அக்காவின் பெண் ஓடி வந்து நின்றாள். வயது எட்டு. கையில் ஒரு கிண்ணம். முகத்தில் ஓர் அவசரம்.

"சித்தி! ஒரு பாட்டில் பசையும் கொஞ்சம் போராக்ஸும் வேண்டும். என் சிநேகிதி வீட்டில் ஸ்லைம் செய்தார்களாம். நானும் செய்யப் போகிறேன்!"

அடுக்களையிலிருந்து அக்காவின் குரல் வந்தது: "அதெல்லாம் கூடாது! கண்ட மருந்தையும் தொட்டுவிட்டுக் கையை வாயில் வைப்பாய். பேசாமல் போய்ப் படி!"

குழந்தையின் கண்களில் நீர் தளும்பிவிட்டது. அக்கா பயந்ததிலும் நியாயம் இருந்தது. குழந்தை கேட்டதிலும் தப்பில்லை. நடுவிலே அகப்பட்டுக் கொண்டேன் நான்!

ஸ்லைம் என்பது கொழகொழவென்று வழியும் ஒரு விளையாட்டுக் கூழ். 1976-ம் வருஷம் அமெரிக்காவில் மாட்டல் என்ற பொம்மைக் கம்பெனி அதைச் சின்ன டப்பாவில் அடைத்து விற்றது. அந்தக் கூழ் எதிலிருந்து வந்தது தெரியுமா? நாம் பருப்பு உசிலி செய்கிறோமே, அந்தக் கொத்தவரையின் விதையிலிருந்து எடுத்த பிசினிலிருந்து!

இப்போது வீடுகளில் பிசினுக்குப் பதில் பசையை எடுத்துக் கொள்கிறார்கள். பசைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத நீண்ட சங்கிலிகள், வெந்த சேமியாவைப் போல ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு கிடக்கின்றன. போராக்ஸ் கரைத்த தண்ணீரை விட்டதும், அது அங்கங்கே சங்கிலிகளைச் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுகிறது. பசை கூழாகிறது. ஆனால் அவை அவிழ்ந்து அவிழ்ந்து மறுபடி விழும் முடிச்சுகள். மெதுவாக இழுத்தால் அவிழ்ந்து இடம் கொடுக்கும். வெடுக்கென்று இழுத்தால் அவிழ நேரமில்லாமல் கூழ் அறுந்துபோகும்.

பயம் எதற்கு?

போராக்ஸ் நமக்குப் புதிதல்ல. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வெங்காரம்தான் அது. நகை பற்றவைக்கத் தட்டார் உபயோகிப்பது. கேரம் பலகையில் தூவுகிற போரிக் பவுடரும் அதன் நெருங்கிய உறவு. கண்ணில் பட்டால் எரியும். வயிற்றுக்குள் போனால் வாந்தி, பேதி. அதிகம் போனால் ஆபத்து. விளையாட்டு ஸ்லைமிலிருந்து, கிலோவுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் போரான் வெளிவரக் கூடாது என்று ஐரோப்பிய யூனியன் வரம்பு கட்டியிருக்கிறது. வீட்டில் ஸ்பூனால் அள்ளிப் போடும்போது இதையெல்லாம் யார் அளந்து பார்க்கிறார்கள்?

ஆகவே, அக்காவின் கட்சிதான் ஜெயித்தது. ஆனால் வெறும் "கூடாது" என்றால் குழந்தை விட்டுவிடுமா? நமக்குத் தெரியாமல் இன்னொரு வீட்டில் போய்ச் செய்யும். மாற்று வழி ஒன்றை நாமே காட்டிவிடுவதுதான் நல்லது.

கார்ன்ப்ளார் வித்தை

"மாவில் செய்யலாம், வா" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் மைதாவை எடுத்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்துவிட்டாள். கையெல்லாம் ஒட்டிக்கொண்டு பரோட்டா மாவுதான் வந்தது! மைதாவில் க்ளூடன் என்ற புரதம் இருக்கிறது. தண்ணீர் பட்டதும் அது இழை இழையாகப் பின்னிக்கொள்ளும். சூப்பைக் கெட்டியாக்க நாம் கரைத்து விடும் வெள்ளைக் கார்ன்ப்ளாரில் அது கிடையாது. வெறும் மாவுச்சத்து மணிகள்தாம்.

இரண்டு கிண்ணம் கார்ன்ப்ளார். சுமார் ஒரு கிண்ணம் பச்சைத் தண்ணீர். நிறத்துக்கு ஒரு சிட்டிகை மஞ்சள் தூள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்க வேண்டும். வெந்நீர் உதவாது. சூடு பட்டால் மணிகள் ஊதிப்போய், புடைவைக்குப் போடும் கஞ்சியாகிவிடும்.

குழந்தை விரலை மெதுவாக விட்டாள். பாயசத்தில் விட்டதுபோல் உள்ளே போயிற்று. ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள்; கல்லில் பட்டதுபோல் கை நின்றது! உள்ளங்கையில் வேகமாக உருட்டினாள், உருண்டை வந்தது. உருட்டுவதை நிறுத்தியதும் விரலிடுக்கில் வழிந்துவிட்டது.

"ஏன் சித்தி?"

இந்தக் கேள்விக்காகத்தானே இத்தனை பாடும்!

"பஸ் வாசலில் ஒவ்வொருவராக மெதுவாக நகர்ந்தால் எல்லோரும் ஏறிவிடலாம். எல்லோரும் ஒரேயடியாக முண்டினால்?"

"யாருமே நகர முடியாது!"

"மாவு மணிகளும் அப்படித்தான். மெதுவாகத் தள்ளினால் நடுவிலிருக்கும் தண்ணீரில் வழுக்கி வழி விடும். திடீரென்று தள்ளினால் ஒன்றோடொன்று முட்டி இறுகிக்கொள்ளும்."

திரவங்கள் வழுக்கி ஓடும் விதத்துக்கு நியூட்டன் 1687-ல் வெளியிட்ட நூலில் ஒரு விதி சொல்லி வைத்தார். தண்ணீர் அதற்கு அடங்கி நடக்கிறது. எங்கள் கிண்ணத்துக் கூழோ நியூட்டனுக்கே டிமிக்கி கொடுத்துவிட்டது!

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: விளையாடி முடித்ததும் கூழைத் தொட்டி முற்றத்தில் கொட்டாதீர்கள், மாவு படிந்து குழாய் அடைத்துக்கொள்ளும். காயவைத்துக் குப்பையில் போடுங்கள். மறுநாளைக்கு வைத்தால் புளித்து நாறும். தின்னவும் விடாதீர்கள்.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்கையில் அக்கா அடுக்களையிலிருந்து வந்தாள். கிண்ணத்தை ஒரு நிமிஷம் முறைத்துப் பார்த்தாள். பிறகு வளையல்களை மேலே ஏற்றிக்கொண்டாள்.

"எங்கே, தள்ளுடி! நானும் ஒரு குத்துக் குத்திப் பார்க்கிறேன்!"