மலையடிவாரச் சிற்றூரும் அதன் கண்மாயும்

ஓர் ஊரின் செழிப்பை அதன் நிலப்பரப்பைக் கொண்டு மதிப்பிடுதல் பொதுவான வழக்கம். மலையடிவார ஊர்களுக்கு இம்மதிப்பீடு முற்றிலும் பொருந்துவதில்லை. மழைநீர் ஊரைக் கடந்தோடும் சில நாட்களில் எவ்வளவு நீர் தேக்கப்பட்டது என்பதே அங்கு ஆண்டு முழுவதற்குமான வாழ்வை நிர்ணயிக்கிறது. விருதுநகர் மாவட்டம், இராஜபாளையம் வட்டத்திலுள்ள செட்டியார்பட்டியும் அதனைச் சுற்றியுள்ள சிற்றூர்களும் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

நிலமும் மழையும்

செட்டியார்பட்டி இன்று பேரூராட்சியாக விளங்குகிறது. சேத்தூர், தேவதானம் ஆகிய ஊர்களைப் போன்று இதுவும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரப் பகுதியைச் சார்ந்தது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையின் பெரும் பகுதியை மலைக்கு மேற்கிலேயே பொழிந்துவிடுகிறது. ஆதலின் இங்குள்ள விவசாயிகள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பியுள்ளனர். மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் ஆகும்.

மலைச்சரிவு செங்குத்தானது. எனவே மழை பெய்தவுடன் ஓடைகள் பெருக்கெடுத்து, விரைவிலேயே வற்றியும் விடுகின்றன. இவ்வெள்ளத்தைத் தடுத்து நிறுத்தவே நம் முன்னோர் மேட்டிலிருந்து பள்ளம் நோக்கி வரிசையாகக் கண்மாய்களை அமைத்தனர். மேலைக் கண்மாய் நிரம்பியதும் உபரி நீர் கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாயை அடைகிறது. ஒன்றன் வரத்துக்கால் அடைபட்டால், அதன் கீழுள்ள கண்மாய்களும் நீரிழக்கும் என்பதை நாம் மறத்தலாகாது.

பயிர் மாற்றம்

கண்மாய்ப் பாசனத்தில் நெல்லும், கிணற்றுப் பாசனத்தில் கரும்பும் தென்னையும் மாவும் இப்பகுதியில் பயிராகின்றன. இராஜபாளையத்தின் சப்பட்டை மாம்பழம் வெளியூர்களிலும் பெயர் பெற்றது. பஞ்சாலைகளில் வேலை கிடைப்பதால் வயல் வேலைக்கு ஆள் கிடைப்பது அரிதாகி, விவசாயிகள் பலர் நெல்லை விட்டுத் தென்னைக்கு மாறுகின்றனர்.

கிணறு இருக்கும்போது கண்மாய் எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். கண்மாயில் தேங்கும் நீரே மண்ணுக்குள் இறங்கிக் கிணறுகளில் ஊறுகிறது. நெல் ஒரு போகம் பொய்த்தால் மறு போகத்தில் ஈடு செய்யலாம். தென்னை பட்டுப்போனால் பல்லாண்டு உழைப்பு வீணாகும். ஆகவே தோப்பு வைத்திருப்போர்க்குக் கண்மாயின் மீது அக்கறை மிகுதியாக இருத்தல் வேண்டும்.

மராமத்துப் பொறுப்பு

முற்காலத்தில் ஊரார் ஒன்றுகூடிக் கரையை உயர்த்தி, வரத்துக்காலைச் செப்பனிட்டு வந்தனர். இதுவே குடிமராமத்து ஆகும். இவ்வழக்கத்திற்கு 1858ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் துணை நின்றது. சேத்தூர் ஜமீன் முதலியவை இருந்த இப்பகுதியில், 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்திற்குப் பின் நீர்நிலைகள் அரசின் பொறுப்பில் வந்தன. அரசு பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம் வளரவே ஊராரின் பங்கு குறைந்தது. 2017ஆம் ஆண்டில் தமிழக அரசு குடிமராமத்தைத் திட்டமாக மீண்டும் தொடங்கியது இக்குறையை நீக்கும் பொருட்டேயாகும்.

வண்டல் படிவதால் நேரும் இழப்பைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஓர் ஏக்கர் நீர்ப்பரப்பில் ஓரடி உயரம் வண்டல் படிந்தால் 43,560 கன அடி, அதாவது சுமார் 12 லட்சம் லிட்டர் கொள்ளளவு குறைகிறது. அவ்வண்டலே வயலுக்கு நல்ல உரம். வட்டாட்சியர் அலுவலகத்தில் முறைப்படி அனுமதி பெற்று எடுத்தால் இரட்டைப் பயன் உண்டு. ஆனால் கரையை ஒட்டி வெட்டுதல் கரையைப் பலவீனப்படுத்தும். மடையின் மட்டத்திற்குக் கீழே தோண்டினால் அங்குத் தேங்கும் நீர் மடை வழியே வயலுக்குப் பாயாது.

காடும் ஊரும்

ஓடைகளின் தாய்வீடு மேலேயுள்ள காடு. இம்மலைப் பகுதியில் 1988இல் சாம்பல் நிற மலை அணில் சரணாலயம் அமைக்கப்பட்டது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் உருவாயிற்று. தோப்புகளில் யானையும் காட்டுப்பன்றியும் புகுந்து விளைவிக்கும் சேதம் சிறிதன்று. எனினும் வேலியில் மின்சாரம் பாய்ச்சுதல் சட்டப்படி குற்றம் என்பதுடன், மனித உயிரையும் பறிக்கக்கூடியது. சேதத்தை வனத்துறைக்கு உடனே அறிவித்து இழப்பீடு கோருதலே முறை.

செய்ய வேண்டுவன

ஆகஸ்ட் 15ஆம் நாள் கிராம சபையிலேயே வரத்துக்கால், மடை, கலுங்கு ஆகியவற்றின் நிலையை ஆராய்ந்து தீர்மானம் நிறைவேற்றுதல் நலம். அக்டோபர் 2 வரை காத்திருந்தால் மழை முந்திவிடும். பேரூராட்சியில் இதனை மன்றக் கூட்டத்தில் எடுத்துரைக்கலாம். 100 ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுடைய கண்மாய்கள் நீர்வளத்துறையையும், சிறியவை ஊராட்சி ஒன்றியத்தையும் சார்ந்தவை. விண்ணப்பத்தை உரிய இடத்திற்கே அனுப்புதல் வேண்டும். மேலூராரும் கீழூராரும் சேர்ந்து வரத்துக்கால் நெடுகிலும் ஒருமுறை நடந்து பார்த்தால், அடைப்பும் ஆக்கிரமிப்பும் எங்குள்ளன என்பது இரு தரப்பாருக்கும் புலனாகும்.

மலை தரும் நீர் சில நாட்களுக்கே வரும். அதனை வரவேற்க ஊர் அதற்கு முன்பே ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.