வேளாண்மைக் காவலுக்கு எந்தத் துவக்கு?

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும், கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் நம் முன்னோர் பெயரிட்டு வழங்கினர். ஞாயிறு படும் கரை அது. எழும் கரை இது. படுவான்கரையின் பெருஞ்செல்வம் நெல். மாரி மழையோடு விதைத்த பெரும்போகம் கதிர் தள்ளும் நாட்களில் அங்குள்ள உழவர் வீட்டில் உறங்குவதில்லை. காட்டுப் பன்றியும் யானையும் வட்டைக்குள் இறங்கிவிடாதபடி பரணில் ஏறி இராக்காவல் இருப்பர்.

கொக்கட்டிச்சோலைப் பக்கத்து முதிய உழவர் ஒருவர் அண்மையில் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். “தம்பி, இரண்டு மாடு விற்ற காசு கையில் இருக்கிறது. ஒரு முறைதான் வாங்க ஏலும். சன்னத் துவக்கு நல்லதா, றைபிள் நல்லதா?” அவருக்குக் கூறிய விடை வேறு குடும்பங்களுக்கும் பயன்படலாம் என்று எண்ணி அதனை ஈண்டு எழுதுகின்றோம்.

முதலில் சட்டம். 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருத்தல் குற்றமாகும். அப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். ஆதலால் கடைக்குப் போகுமுன் பிரதேச செயலகத்துக்குப் போவதே முறை. காசைக் கொடுத்துவிட்டுப் பத்திரம் தேடுவது, தாலியை விற்றுவிட்டு மாப்பிள்ளை தேடுவது போலாகும்.

அடுத்தது குழலின் அளவு. சன்னத் துவக்கை ‘12 போர்’, ‘16 போர்’ என்பர். இங்கே போர் என்பது யுத்தமன்று. குழலின் உள் அகலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று நுழையும் குழல் 12 போர். அதன் அகலம் ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். பதினாறு உருண்டைகளாக வார்த்தால் ஒவ்வொன்றும் சிறுக்குமல்லவா? ஆகவே 16 போர்க் குழல் 16.8 மில்லிமீற்றரே. எண் பெருகக் குழல் சிறுக்கும் என்பதை மாணவர் நினைவிற் கொள்க. றைபிளின் கணக்கு வேறு. அதன் குழல் அகலத்தை அங்குலத்தின் பின்னமாகக் கூறுவர். .22 என்பது 5.6 மில்லிமீற்றர்; .303 என்பது 7.7 மில்லிமீற்றர். குழலின் உட்புறத்தே திருகலாக வெட்டிய வரிப்பள்ளங்கள் குண்டைச் சுழற்றி விடுவதால் அது நேராகவும் நெடுந்தொலைவும் செல்கிறது.

அந்த நெடுந்தொலைவுதான் வாவிக்கரையில் ஆபத்து. சன்னத் துவக்கின் சிறு சன்னங்கள் முந்நூறு மீற்றருக்குள் ஓய்ந்துவிடும். பெரிய சன்னங்களும் எழுநூறு மீற்றரைத் தாண்டுவது அரிது. சிறியது என்று நாம் எண்ணும் .22 குண்டோ ஒன்றரைக் கிலோமீற்றர் வரை செல்லவல்லது; .303 குண்டு மூன்று கிலோமீற்றரையும் கடக்கும். நம் வாவி நீளத்தில் 50 கிலோமீற்றருக்கு மேற்பட்டதாயினும் அகலத்திற் குறுகியது. தட்டையான ஓட்டுத்துண்டு நீர்மேல் தத்திச் செல்வதைச் சிறுவரும் அறிவர். தாழச் சென்று நீரிற் பட்ட குண்டும் அவ்வாறே தத்தும். இரவிலே பன்றிக்கு வைத்த குறி தவறினால், குண்டு வலைஞரின் தோணியிலோ அக்கரை வீட்டு முற்றத்திலோ போய் விழக்கூடும். 2014 ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் இரு கரையாரும் இரவு பகலாக நடமாடுகின்றனர் என்பதையும் மறத்தலாகாது.

“அப்படியானால் யானைக்கு என்ன செய்வது?” என்று பெரியவர் கேட்டார். யானை சட்டத்தாற் காக்கப்பட்ட விலங்கு. அதற்கெனத் துவக்குத் தேடுவது சிறைக்கு வழி தேடுவதாகும். வரலாறும் ஒன்று சொல்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யானையைக் கொல்வோருக்கு அரசே பரிசளித்தது. மேஜர் றொஜர்ஸ் என்பார் ஆயிரத்து நானூறு யானைகளைக் கொன்றதாகக் கூறுவர். அவர் 1845 இல் இடி விழுந்து மாண்டார். நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் 21 இறாத்தல் நிறையுள்ள றைபிளைத் தூக்கித் திரிந்தார். இத்தனைக்குப் பின்னும் யானைக்கும் உழவனுக்கும் உள்ள வழக்குத் தீர்ந்தபாடில்லை. வெளிச்சமும், யானை வெடியும், மின்வேலியும், அயலாரோடு கூடிய காவலுமே அதற்குரியவை.

இனி விலை. துவக்கின் விலை செலவின் தொடக்கமே. தோட்டா, ஆண்டுக் கட்டணம், பூட்டுள்ள பெட்டி, பழுதுபார்க்கும் கூலி யாவும் பின்தொடரும். நம் நாட்டிற் பெரிதும் வழங்குவது 12 போர் ஆதலால் அதன் தோட்டாவும் உறுப்புகளும் எளிதிற் கிட்டும். இரட்டைக் குழலை விட ஒற்றைக் குழல் விலை குறைந்தது, உறுப்புகள் சிலவே, பழுதும் குறைவு. வாவியின் உப்புக் காற்று இரும்பை அரிக்கும். எண்ணெய்த் துணியாற் குழலை அடிக்கடி துடைத்தல் வேண்டும்.

பழைய துவக்கு மலிவாக வந்தால் அவசரப்படாதீர்கள். குழலினுள்ளே துருக்குழி உண்டா, குழலும் உடலும் கூடுமிடம் ஆடுகிறதா, குதிரையும் அடியூசியும் தேய்ந்துள்ளனவா என்று தேர்ந்த திருத்துநரிடம் காட்டுங்கள். பழைய ஆங்கிலத் துவக்குகள் பல இரண்டரை அங்குலத் தோட்டாவுக்கென ஆனவை. இன்றைய இரண்டே முக்கால் அங்குலத் தோட்டாவை இட்டால் குழல் வெடிக்கக்கூடும். 20 போர்த் தோட்டாவை 12 போர்த் தோட்டாவோடு ஒரே பையில் வைப்பதும் கேடு. சிறியது குழலினுள் வழுக்கிப் போய் அடைத்துக்கொள்ள, அதன்பின் சுடும் வெடி சுடுபவனையே கொல்லும். கட்டுத் துவக்கையோ கனவிலும் நினையாதீர்கள். பன்றிக்குக் கட்டிய கயிற்றில் விடியற்காலையில் மாடு தேடிப்போகும் மனிதனின் காலும் இடறும்.

வீட்டிலே துவக்கு ஒரு பூட்டிலும் தோட்டா வேறொரு பூட்டிலும் இருக்கட்டும். திறப்பு பிள்ளைகளின் கைக்கு எட்டாதிருக்கட்டும்.

இவற்றையெல்லாம் பொறுமையோடு கேட்ட பெரியவர் வாவியின் பக்கம் திரும்பிச் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, “என்ட மூத்தவன் கல்யாணம் முடிச்சுப் போயிருக்கிறது அக்கரைக்குத்தான், தம்பி, ஒற்றைக் குழலே போதும்” என்றார்.

துவக்கு வாங்க எண்ணும் குடும்பத்தார் விலையைக் கேட்குமுன், குறி தவறிய குண்டு எங்கே போய் நிற்கும் என்பதைக் கேட்டறிவார்களாக.